நன்னாரி பழகிய நாக்குக்கு எந்த ரூட் பியர்?

வேர், பட்டை, இலை மணங்கள் சேர்த்த இனிப்புச் சோடாவான ரூட் பியரை அமெரிக்கா வந்த நம்மவர்களில் நிறையப் பேர் ஒரே ஒரு முறைதான் குடித்திருப்பார்கள். பர்கர் கடையில் கோலா மாதிரி கறுப்பாகத்தானே இருக்கிறது என்று ஒரு கோப்பை பிடித்து, ஒரு வாய் உறிஞ்சி, "ஐயய்யோ, மூட்டுவலித் தைலம்!" என்று அப்படியே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. ரூட் பியரில் மணத்துக்குச் சேர்ப்பது விண்டர்கிரீன் என்று ஒரு சின்னச் செடி, அதன் இலை எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். நம் வலித் தைலங்களில் சுள்ளென்று மூக்கில் ஏறுவதும் அதேதான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த மணம் மிட்டாயோடும் சூயிங்கத்தோடும் வந்தது, நமக்குப் பாட்டியின் முழங்காலோடு வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ரூட் பியர் எல்லாமே அந்தத் தைல வாசனை இல்லை. நான் சிகாகோ பக்கம் வந்த நாளிலிருந்து பெரிய கம்பெனிகளைத் தாண்டி, சின்னச் சின்ன ஊர்களில் போடுகிற ரூட் பியர்களைத் தேடித் தேடிக் குடித்து, ஒரு நோட்டில் எழுதி, பாட்டிலைக் கழுவி அலமாரியில் வைத்து வருகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்பது மூன்றே கேள்விகள். எதில் ஆரம்பிப்பது, எங்கே வாங்குவது, எதைச் சேர்த்து வைப்பது. அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்ப் பிரச்சினையை முடித்துவிடலாம். கடையில் விற்கும் ரூட் பியரில் மது கிடையாது. பிலடெல்பியாவில் மருந்துக்கடை வைத்திருந்த சார்லஸ் ஹயர்ஸ் என்பவர் 1876இல் அங்கே நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியில் இதை ஊருக்கெல்லாம் அறிமுகப்படுத்தினார். மனிதர் மதுவைத் தொடாதவர். "வேர்த் தேநீர்" என்று பெயர் வைக்கத்தான் நினைத்திருக்கிறார், பென்சில்வேனியாவின் சுரங்கத் தொழிலாளிகள் தேநீரையா வாங்குவார்கள் என்று ஒரு நண்பர் சொன்னதால் பியர் ஆக்கினார் என்பது கதை. அந்தப் பெயரால் 1890களில் மதுவிலக்கு கேட்ட பெண்கள் சங்கத்தின் எதிர்ப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆக, அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கும்போது குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து முகம் சுளித்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இனிமேல் சொல்வதற்கெல்லாம் அடிப்படை ஒன்று உண்டு. அந்தக் காலத்து ரூட் பியரின் உயிர் சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டை. அதில் சாஃப்ரோல் என்ற எண்ணெய் இருக்கிறது, எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஈரலில் புற்று வந்தது, 1960இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை உணவில் சேர்க்கத் தடை போட்டது. இதனால் நடந்தது என்னவென்றால், நடுவில் இருந்த முக்கியமான வேர் போய்விட்டது, அந்தக் காலியிடத்தை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக நிரப்பினார்கள். ஒருவர் விண்டர்கிரீனைக் கூட்டினார், ஒருவர் வனிலாவை, ஒருவர் அதிமதுரத்தையும் சீமைச் சோம்பையும். சாஃப்ரோலை நீக்கிய சாசஃப்ராஸ் சாற்றையோ செயற்கை மணத்தையோ சேர்ப்பவர்களும் உண்டு. இதனால்தான் ஒரே பெயரில் இருக்கும் இரண்டு பாட்டில்கள் இரண்டு வேறு பானங்கள் போல இருக்கின்றன. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், எது முன்னால் நிற்கிறது என்று பார்த்து வாங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

நன்னாரி சர்பத் குடித்து வளர்ந்தவர் என்றால் உங்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஆங்கிலத்தில் நன்னாரிக்கு இந்திய சார்சபரில்லா என்றே பெயர், ரூட் பியரில் சேர்க்கிற பழைய வேர்களில் சார்சபரில்லாவும் ஒன்று, ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டும் வேறு வேறு செடிகள், உறவு கூடக் கிடையாது. மணம் வருகிற வழியும் வேறு. நன்னாரி வேரில் மணக்கிற பொருளும் வனிலாவில் மணக்கிற வனிலினும் ஒரே எண்ணிக்கையில் அதே அணுக்களைக் கொண்டவை, அடுக்கிய விதம் மட்டும் மாறியிருக்கிறது. நன்னாரிச் சீசாவைத் திறந்தால் கொஞ்சம் பால்கோவா மாதிரி, கொஞ்சம் மண் மாதிரி ஒரு வாசனை வருமே, அந்தப் பால்கோவாப் பக்கம் வனிலாவின் அண்ணன் தம்பி. அதனால் நன்னாரி நாக்குக்கு ஏற்றது சார்சபரில்லா என்று எழுதிய பாட்டில் இல்லை, வனிலா முன்னால் நிற்கிற ரூட் பியர்தான். நான் இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பு சார்சபரில்லா என்று எழுதியிருந்த பாட்டில்களாகவே வாங்கி, ஏன் மதுரை நன்னாரியின் மணம் வரவே மாட்டேன் என்கிறது என்று ஒரு வருடம் குழம்பிக்கொண்டிருந்தேன்.

வனிலாப் பக்கத்தில் என் முதல் பரிந்துரை ஸ்பிரெக்கர். விஸ்கான்சினில் மில்வாக்கியை ஒட்டிய கிளெண்டேலில் இருக்கிறது, 1985இல் பியர் காய்ச்சத் தொடங்கிய ஆலை, ரூட் பியரையும் கொப்பரையில் நெருப்பு வைத்துக் காய்ச்சுகிறார்கள், விஸ்கான்சின் தேன் சேர்க்கிறார்கள். தேன்தான் இதன் விசேஷம். சர்க்கரை இனிப்பு நாக்கின் நுனியில் வந்து போய்விடும், இது தொண்டை வரை கூடவே இறங்குகிறது. நுரை கெட்டியாக நிற்கும், விழுங்கிய பிறகும் வனிலா வாயில் இருக்கும், தைல வாசனை இருக்கிறதா என்று தேடினால்தான் தெரியும். ரூட் பியர் பிடிக்காது என்று சொன்ன நம்மூர்க்காரர்கள் பலருக்கு நான் பெயர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்த பானம் இது. பாதிக்கு மேல் இரண்டாவது முறை கேட்டார்கள்.

இதே பக்கத்தில் இன்னொன்று 1919. மின்னசோட்டாவின் நியூ அல்ம் ஊரில் ஷெல்ஸ் ஆலை போடுவது. மதுவிலக்குக்கான அரசியல் சட்டத் திருத்தம் ஒப்புதல் பெற்ற ஆண்டுதான் பெயர். பீப்பாயிலிருந்து குழாய் வழியாகப் பிடித்துக் குடிப்பதில் பேர் பெற்றது இது. பாட்டிலில் அடைத்த எதற்கும் அந்த வழுவழுப்பு வராது. ஸ்பிரெக்கரை விட இனிப்பு குறைந்த மாதிரி தெரியும், மென்மை கூடுதல். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் 1919 என்பேன், எதை வாங்கலாம் என்று கேட்டால் ஸ்பிரெக்கர் என்பேன், ஏனென்றால் மின்னசோட்டாப் பக்கம் போகாதவருக்கு முதலாவது கைக்கு எட்டாது.

மசாலாப் பக்கம் வந்தால் வர்ஜில்ஸ். இதன் சேர்மானப் பட்டியலைப் படித்தாலே ஒரு பழைய கப்பல் சரக்குக் கணக்கு மாதிரி இருக்கும். சீமைச் சோம்பு, அதிமதுரம், மடகாஸ்கர் வனிலா, இலங்கைப் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் என்று போகும். இலங்கைக்காரர்கள் அந்தப் பட்டையை முதல் வாயிலேயே பிடித்துவிடுவார்கள், சீனப் பட்டையின் காரம் வேறு, இது வேறு. எனக்கு வர்ஜில்ஸ் மேல் மரியாதை அதிகம், தினசரிக் குடிக்கத்தான் மனம் வராது. கறிக்கு வறுக்கிற மசாலா வாசனை வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இனிப்பில் அதே கிராம்பும் பட்டையும் வருவது கொஞ்சம் திகட்டும். ஆனால் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சின்னக் கோப்பை என்றால் இதற்கு ஈடு இல்லை, பீடா போடுகிற இடத்தில் இதைக் குடிக்கலாம்.

அதிமதுரம் பிடித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்கை எடுக்கலாம். குயின்ஸ்லாந்தின் கரும்பு விளையும் ஊர், அதற்கேற்ற மாதிரி கரும்புப்பாகின் கறுத்த சுவையும் இஞ்சியும் அதில் இருக்கும். இது அமெரிக்க ரூட் பியரே இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் இங்கே உண்டு, எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. சுக்குக் காப்பி பழகியவர்களுக்குப் பிடிக்கும்.

விண்டர்கிரீன் பக்கம்தான் நம்மவர்கள் ஓடுகிற இடம். மெய்ன் ரூட், பாய்லன் இரண்டும் இங்கே வரும். மெய்ன் ரூட் இயற்கை முறையில் விளைந்த கரும்புச் சர்க்கரையில் செய்வது, விண்டர்கிரீனும் கிராம்பும் வெளிப்படையாக நிற்கும். நான் இதை எவருக்கும் முதல் பாட்டிலாகக் கொடுக்க மாட்டேன். ஆனால் பத்துப் பதினைந்து வகை குடித்த பிறகு திரும்பி வந்து பாருங்கள், அந்தத் தைல மணம் தைலமாகத் தெரிவது நின்று இலையாகத் தெரிய ஆரம்பிக்கும், புதினாவுக்கு ஒரு முரட்டு அண்ணன் போல. எனக்கு அது நடக்க இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது கோடைக்காலத்து மத்தியானத்தில் கை தானாக இதைத்தான் எடுக்கிறது.

இதன் ஒன்றுவிட்ட சகோதரம் பெர்ச் பியர். பெர்ச் மரத்துப் பட்டையிலிருந்து வருவது, பென்சில்வேனியாவும் அதைச் சுற்றிய இடங்களும்தான் இதன் ஊர், சிவப்பு, வெள்ளை, பழுப்பு என்று நிறம் நிறமாகக் கிடைக்கும். நியூ ஜெர்சியின் பாட்டர்சனில் 1891இல் தொடங்கிய பாய்லனுக்கு அடித்தளமே பெர்ச் பியர்தான். நியூ ஜெர்சியில் இருக்கிற தமிழர் கூட்டத்துக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன், உங்கள் வாசலில் கிடைப்பதை விட்டுவிட்டு விஸ்கான்சின் பாட்டிலுக்கு அஞ்சல் செலவு கட்டாதீர்கள்.

லூசியானாவின் அபிட்டாவை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்குத் தெளிவாக வரவில்லை. ஊற்று நீர், அந்த மாநிலத்துக் கரும்புச் சர்க்கரை, மெல்லிய வனிலா, மற்ற மணங்கள் எல்லாம் அடக்கமாக இருக்கும். நுரைக்காக யூக்கா என்ற செடியின் சாறு சேர்க்கிறார்கள். மற்ற பலரும் யூக்கா, அல்லது சிலி நாட்டு சோப்புமரப் பட்டைச் சாறு சேர்ப்பார்கள். நுரை கட்டுகிற பொருள் சபோனின், நம் பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை வருவதும் அந்த வகைப் பொருளால்தான். கோப்பையில் ஊற்றியதும் மேலே ஏறி நிற்கிற அந்த நுரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எண்ணெய்க் குளியல் ஞாபகம் வரும், எனக்கு அது நல்ல ஞாபகம்தான்.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதில் பாதி தேவையே இல்லை. கோலாலம்பூரில் 1963இலேயே ஏ அண்ட் டபிள்யூ என்ற ரூட் பியர் உணவகம் வந்துவிட்டது, சார்சி என்ற சார்சபரில்லா சோடாவும் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும், தைலம் என்று மிரளாத நாக்கு அவர்களுடையது. நேராக விண்டர்கிரீன் பக்கமே போகலாம்.

சரி, எங்கே வாங்குவது? அஞ்சலில் வரவழைக்கிற கலவைப் பெட்டி, சோடாவுக்கென்றே இருக்கிற கடை, தயாராகிற ஊருக்கே போவது என்று மூன்று வழி. பெட்டி சுலபம் மாதிரித் தெரியும். ஆனால் கண்ணாடிப் பாட்டில் பன்னிரண்டு சேர்ந்தால் கிட்டத்தட்ட 7 கிலோ, பானத்தை விட அனுப்புகிற செலவு அதிகமாகிவிடும், அதோடு பெட்டியில் என்ன வரும் என்பது அவர்கள் கையில். நான் ஒரு முறை அப்படி வாங்கியதில் பன்னிரண்டில் ஐந்து விண்டர்கிரீன் பக்கத்துப் பாட்டில்கள், ஒன்று வழியிலேயே உடைந்து மற்ற ஐந்தாறு பாட்டில்களில் ஒட்டிய பெயர்ச் சீட்டுகளைக் கறையாக்கி வந்தது. சீட்டுப் போனால் சேர்க்கிறவனுக்கு என்ன மிச்சம்?

சோடாக் கடைதான் என் தேர்வு. லாஸ் ஏஞ்சல்ஸில் கேல்கோஸ் இருக்கிறது, நூற்றுக்கணக்கான வகை சோடா, ரூட் பியருக்கே நீண்ட வரிசை. ஓக்லஹோமாவின் ஆர்க்கேடியாவில் 66ஆம் எண் நெடுஞ்சாலையில் பாப்ஸ், வாசலில் 66 அடி உயர பாட்டில் சிலை நிற்கும். இப்படிப்பட்ட கடையில் ஒவ்வொரு பாட்டிலாக எடுக்கலாம், சேர்மானத்தைப் படிக்கலாம், பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்கலாம். உங்கள் ஊரில் இவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் மளிகைக் கடையின் கடைசி வரிசையில் உள்ளூர்ப் பாட்டில் இரண்டு மூன்று கண்டிப்பாக இருக்கும், கீழ்த்தட்டில் குனிந்து பாருங்கள்.

ஊருக்கே போகிற வாய்ப்பு கிடைத்தால் மட்டும் அதை எதற்காகவும் விடாதீர்கள். சிகாகோவில் ஆர்ச்சர் சாலையில் ஃபில்பர்ட்ஸ் என்று ஒரு சின்ன இடம், 1926 முதல் நடக்கிறது. இண்டியானாவின் மேற்கு லாஃபயெட்டில் டிரிபிள் எக்ஸ் என்ற உணவகம் 1929 முதல். குளிரவைத்த கண்ணாடிக் குவளையில் பிடித்துத் தருவார்கள். பாட்டிலுக்குக் கொடுக்கிற அதே காசில் கிடைக்கிற அந்தக் குளிர்ச்சிக்கும் புத்துணர்வுக்கும் நான் வேறு எதையும் ஒப்பிட மாட்டேன்.

வீட்டிலேயே செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு, செய்யலாம், கடைச் சாற்றோடு சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடி வைத்தால் வாயு தானாகவே ஏறும். கண்ணாடிப் பாட்டிலில் மட்டும் செய்யாதீர்கள், அழுத்தம் கூடி வெடிக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் செய்து, அமுக்கினால் கல் மாதிரி ஆனதும் குளிர்பெட்டியில் வையுங்கள். துளி மதுவும் அதில் உண்டாகும் என்பது நினைவிருக்கட்டும். காட்டுச் சாசஃப்ராஸ் வேரைத் தோண்டி வந்து கொதிக்க வைக்கிற ஆசை வேண்டாம், தடைக்கான காரணம் இன்னும் அந்த வேரில்தான் இருக்கிறது.

ருசி பார்ப்பதற்கு என் வழக்கம் இது. நான்கு பேர், நான்கு பாட்டில், அதற்கு மேல் இல்லை. ஆளுக்கு 60 மி.லி. ஊற்றினால் போதும். 355 மி.லி. பாட்டிலில் பெரும்பாலும் 40 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது பத்து டீஸ்பூன், நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு எது? தனியாக உட்கார்ந்து நான்கையும் குடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள், பற்கள் கூசுகிற குளிரில் சர்க்கரை மட்டும்தான் தெரியும். ஐஸ் கூடாது. மெல்லிய கண்ணாடிக் கோப்பை, இடையில் வெறும் தண்ணீர், உப்புப் போடாத பொரி. வனிலாப் பக்கத்தில் தொடங்கி, மசாலா, கடைசியில் விண்டர்கிரீன், ஏனென்றால் அந்த மணம் ஒரு முறை வாயில் ஏறிவிட்டால் அடுத்ததை மறைத்துவிடும். குடித்த நிமிடத்திலேயே எழுதுங்கள், மறுநாள் எழுதலாம் என்றால் எல்லாமே "இனிப்பு, நன்றாக இருந்தது" ஆகிவிடும். நான் எழுதுவது நான்கைந்து வார்த்தைதான், தேதியும் ஊரும் கட்டாயம்.

இனிச் சேர்ப்பது. இதில் எனக்குத் திடமான கருத்து உண்டு, முழுப் பாட்டிலைச் சேர்க்காதீர்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன், ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கி ஒன்றைத் திறக்காமல் கார் ஷெட்டில் அடுக்கினேன். ஜனவரியில் ஒரு வாரம் கடும் உறைபனி வந்தது. உள்ளே பனிக்கட்டியாகி விரிந்து பதினான்கு பாட்டில் வெடித்து, பழுப்புப் பனிக்கட்டியும் கண்ணாடித் துண்டுமாகத் தரையில் ஒட்டிக்கிடந்தது, அதில் இரண்டு இப்போது வருவதே இல்லை. உறையாமல் காப்பாற்றினாலும் பலன் இல்லை, மூடியின் உட்புற அடைப்பு வழியாக வருடக்கணக்கில் வாயு கசிந்துகொண்டேதான் இருக்கும், வனிலா மணம் மங்கும், கடைசியில் இருப்பது சீட்டு ஒட்டிய சர்க்கரைத் தண்ணீர். இது குடிக்கச் செய்த பொருள், வயதானால் ஏறுகிற பொருள் இல்லை.

காலிப் பாட்டில் நல்லது, அதிலும் காகிதச் சீட்டு ஒட்டியதை விடக் கண்ணாடி மேலேயே நிறத்தைச் சுட்டுப் பதித்த பழைய பாட்டில்கள். கழுவினாலும் போகாது, பழைய சாமான் சந்தைகளில் சில டாலருக்கே கிடைக்கும். காகிதச் சீட்டு என்றால் பாட்டிலை நனைக்காமல் உள்ளே மட்டும் அலசி, கவிழ்த்துக் காயவிட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடுக்குமாடியில் இடமில்லாதவர்களுக்கு மூடி போதும். வில்லியம் பெயின்டர் என்ற பால்டிமோர்க்காரர் 1892இல் காப்புரிமை வாங்கிய அந்தப் பல் வைத்த தகர மூடிதான் இன்றும் வருகிறது. திறக்கும்போது மூடியின் மேல் ஒரு நாணயத்தை வைத்து அதன் மேல் திறப்பானைப் போட்டு நெம்பினால் நடுவில் மடங்காது. ஒரு பிஸ்கட் டப்பாவில் இருநூறு மூடி அடங்கும். குவளை சேர்ப்பவர்களும் உண்டு. ஹயர்ஸுக்காக ஜெர்மனியில் மெட்லாக் பீங்கானில் செய்த பழைய குவளைகள் அழகுதான், ஆனால் அது பணம் உள்ளவர்களின் வழி, ருசியோடு அதற்குச் சம்பந்தம் குறைவு.

என்னைக் கேட்டால் காலிப் பாட்டிலும் நோட்டும். நோட்டு இல்லாத பாட்டில் வெறும் கண்ணாடி. நான் இதுவரை குடித்ததில் மிகச் சிறந்ததாக எழுதி வைத்திருப்பது நியூ அல்ம் போகிற வழியில் ஒரு சின்ன உணவகத்தில் குழாயிலிருந்து பிடித்துத் தந்த 1919. அதற்குப் பாட்டிலும் இல்லை, மூடியும் இல்லை. அலமாரியில் அதற்கென்று ஒரு இடம் காலியாக விட்டிருக்கிறேன், நோட்டில் தேதிக்குக் கீழே "நுரை, வனிலா, வெயில், மகள் என் குவளையையும் வாங்கிக் குடித்துவிட்டாள்" என்று இருக்கிறது.